ஒரே நூலகம், பல செயலிகள்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில், புதுச்சத்திரத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறியைப் பற்றி ஏதேனும் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். இத்தகைய மேடைகளில் கணிப்பொறி படித்தால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் குடும்பம் உயரும் என்று கூறி அமர்வது வழக்கமாகிவிட்டது. அதை உங்களுக்குச் சொல்ல நான் வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகைகளே சொல்கின்றன. ஆகவே மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் உட்புறம்வரை உங்களை அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். நம் படிப்பகத்தில் அடுக்கி வைத்திருக்கும் பழைய மடிக்கணினிகளுக்கும் இப்பொருளுக்கும் நேரான தொடர்பு உண்டு.

நூலகம் என்றவுடன் உங்கள் கண்முன் புத்தக அலமாரி தோன்றும். கணிப்பொறியிலும் நூலகம் உண்டு. அங்கே புத்தகங்களுக்குப் பதிலாகச் சிறு சிறு செயல்முறைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் உள்ள தகவலை மற்றோரிடத்திற்கு நகலெடுத்தல், ஒரு சொல்லின் நீளத்தை அளத்தல், இரு சொற்கள் ஒன்றா வேறா என்று ஒப்பிடுதல் ஆகியவை எந்த நிரலுக்கும் தேவைப்படும் அடிப்படை வேலைகள். ஒவ்வொரு நிரலும் இவற்றைத் தானே எழுதிக்கொள்வதில்லை. பொதுவான நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் இயங்கும் பெரும்பாலான கணிப்பொறிகளில் இந்தப் பொது நூலகத்தின் பெயர் குனு சி நூலகம். தொழில் வழக்கில் கிளிப்சி. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டத்தின் ஓர் உறுப்பு அது. வங்கியின் சேவைக் கணினி முதல் பள்ளிச் சிறுவனின் மடிக்கணினி வரை, லினக்ஸ் உள்ள இடத்தில் பெரும்பாலும் இதுவும் இருக்கும்.

எல்லோரும் பயன்படுத்தும் ஒரே நூலகம், எல்லாச் செயலிகளிலும் ஒரே விரைவோடு இயங்குமா? இயங்காது. காரணத்தை நம் ஊர்த் தொழிலைக் கொண்டே விளக்கலாம்.

கோழிப்பண்ணையில் வேலை செய்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். முட்டையை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சென்று வண்டியில் வைப்பவன் மாலைக்குள் பாதிக் கொட்டகையைக்கூட முடிக்கமாட்டான். அட்டை டிரேயில் அடுக்கினால் ஒரு நடைக்கு 30 முட்டை. நடக்கும் தூரமும் ஆளும் மாறவில்லை. ஒரு நடையில் சுமக்கும் அளவுதான் மாறியது. செயலிக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. இன்டெல் வழிச் செயலிகளில் பொதுவான பதிவேடு ஒரு நடையில் 8 பைட் தூக்கும். 1999-ல் பென்டியம் 3 செயலியோடு வந்த எஸ்.எஸ்.இ. என்ற கட்டளைத் தொகுதி ஒரு நடைக்கு 16 பைட் தூக்கியது. 2011-ல் வந்த ஏ.வி.எக்ஸ். 32 பைட், 2017-ல் சேவைக் கணினிகளுக்கு வந்த ஏ.வி.எக்ஸ்.512 தொகுதியோ 64 பைட்.

புதிய செயலியில் பெரிய டிரே இருக்கிறது. ஆனால் நூலகத்தை எழுதியவர் பழைய டிரேயை மனத்தில் கொண்டு எழுதியிருந்தால் பெரிய டிரே மூலையில் கிடக்கும். பெரிய டிரேயை மட்டுமே நம்பி எழுதினாலோ, அது இல்லாத பழைய செயலியில் நிரல் அந்தக் கட்டளையைக் கண்டவுடன் 'சட்டவிரோதக் கட்டளை' என்று கூறி நின்றுவிடும். மெதுவாக ஓடுவதன்று, அறவே ஓடாது. இந்த வேறுபாட்டை இளைஞர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும்.

தமிழ் எழுத்துக்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. இன்று எங்கும் வழங்கும் யூ.டி.எஃப்.8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'அம்மா' என்ற சொல்லைப் பாருங்கள். அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், கால் என்று 5 குறிகள். ஆக 15 பைட். சொல்லின் முடிவைக் காட்டும் சுழிய பைட் ஒன்றைச் சேர்த்தால் 16. ஒவ்வொரு பைட்டாகப் பார்த்து நீளத்தை அளப்பவன் 16 முறை பார்க்க வேண்டும், எஸ்.எஸ்.இ. கட்டளைகளால் எழுதிய அளவை, சொல் நினைவகத்தில் சரியான எல்லையில் அமைந்திருந்தால், ஒரே பார்வையில் முடித்துவிடும். இதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் 4 பைட்தான். தமிழில் எழுதுகிற நமக்கு, எழுத்துகளை அளக்கும் நூலகம் விரைவாக இருக்க வேண்டிய தேவை மற்றவரைவிடச் சற்று மிகுதி.

சரி, வெவ்வேறு செயலிகளுக்கு வெவ்வேறு நூலகம் எழுதி அனுப்பலாமே என்று கேட்கலாம். ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 2012-ல் 35 டாலர் விலையில் வெளிவந்த அப்பலகையில் ஏ.ஆர்.எம். வகையின் ஆறாம் தலைமுறைச் செயலி இருந்தது. புள்ளி எண்களைக் கணக்கிடத் தனி உறுப்பும் அதில் உண்டு. ஆனால் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு அப்போது இரண்டு பதிப்புகளையே வைத்திருந்தது. ஒன்று, அத்தகைய உறுப்பே இல்லாத மிகப் பழைய செயலிகளுக்கானது. மற்றது, ஏழாம் தலைமுறைக்கும் அதற்குப் பின்னும் வந்தவற்றுக்கானது. ஆறாம் தலைமுறை நடுவில் சிக்கிக்கொண்டது. உறுப்பு இருந்தும் பயனின்றிப் பழைய பதிப்பையே ஓட்ட வேண்டிய நிலை.

மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர், யாருடைய ஆணையுமின்றி, டெபியனின் ஆயிரக்கணக்கான நிரல் தொகுப்புகளை அந்த ஒரு செயலிக்கு ஏற்ற அமைப்போடு மறுபடி தொகுத்தார்கள். ராஸ்பியன் என்று அதற்குப் பெயரிட்டனர். நினைவகத்தை நகலெடுக்கும் செயல்முறைகளை அச்செயலிக்கென்றே கையால் எழுதிய சிறு நூலகம் ஒன்றும் அதில் சேர்ந்தது. புள்ளி எண் கணக்கு மிகுந்த நிரல்கள் பன்மடங்கு விரைவு பெற்றன. பலகை அதே பலகை. ஒரு ரூபாய்க்குக்கூட வன்பொருள் மாற்றவில்லை.

இது நாமக்கல் பட்டறைக்காரர் செய்யும் வேலையைப் போன்றது. நிறுவனத்திலிருந்து வருவது என்ஜினும் சேஸிஸும் மட்டுமே. வைக்கோல் ஏற்றப் போகிறாயா, இரும்பு ஏற்றப் போகிறாயா, முட்டை ஏற்றப் போகிறாயா என்று கேட்டுத்தான் பாடி கட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனி பாடி கட்டப் பட்டறையும் ஆளும் நேரமும் வேண்டும். உலகில் உள்ள செயலி ஒவ்வொன்றுக்கும் ராஸ்பியன் செய்ய ஆள் கிடைப்பதில்லை.

ஆகவே கிளிப்சியை வளர்த்தவர்கள் வேறொரு வழி கண்டார்கள். 2010-ஐ ஒட்டி நிலைபெற்ற அம்முறைக்கு ஐ-ஃபங்க் என்று பெயர். நகலெடுக்கும் செயல்முறையை ஒரே நூலகத்துக்குள் பல வடிவங்களில் எழுதி வைத்துவிடுகிறார்கள்: எளிய வடிவம் ஒன்று, 16 பைட் வடிவம் ஒன்று, 32 பைட் வடிவம் ஒன்று. நிரல் தொடங்கும்போது நூலகம் செயலியைப் பார்த்து, "உன்னிடம் என்னென்ன கருவிகள் உண்டு?" என்று கேட்கும். இக்கேள்விக்கென்றே சி.பி.யு.ஐ.டி. என்ற கட்டளை 1990-களின் தொடக்கத்திலிருந்து இன்டெல் செயலிகளில் இருக்கிறது. விடைக்கு ஏற்ற வடிவத்தின் முகவரியைக் குறித்துக்கொண்டால், அதன்பின் நேரே அவ்வடிவமே அழைக்கப்படும். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. வாசலில் ஒருமுறை கேட்டு, உள்ளே உரிய இருக்கையைக் காட்டிவிடும் முறை. பழைய செயலியும் வெளியே நிற்க வேண்டியதில்லை. புதிய செயலியும் தன் வலுவை மறைக்க வேண்டியதில்லை.

இத்தகைய புதிய வடிவங்களை எழுதி அனுப்புவதைத்தான் 'பேட்ச்' என்கிறார்கள். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது என்ற பொருளில் வந்த சொல். முழு நூலகத்தையும் அனுப்பாமல், எந்த வரியை நீக்கி எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். அதை உரிய இடத்தில் பொருத்தும் நிரலை லாரி வால் என்பவர் 1985-ல் வெளியிட்டார். அனுப்பியதைப் பிறர் எல்லோரும் பார்க்கப் பொதுவில் விவாதிப்பார்கள். எந்தச் செயலியில், எத்தனை பைட்டுக்கு, எவ்வளவு விரைவு கூடியது என்று அளந்து காட்டாமல் எவரும் ஏற்கமாட்டார்கள். இன்டெல், ஏ.ஆர்.எம். போன்ற நிறுவனங்களின் பொறியாளர்களே பெரும்பாலும் தங்கள் செயலிக்கான ஒட்டுகளை அனுப்புகிறார்கள்.

விரைவு கூட்டப் போய் வில்லங்கம் விளைந்த கதையும் உண்டு. 2010-ல் இன்டெலின் சில செயலிகளுக்கென்று எழுதப்பட்ட புதிய நகலெடுப்பு முறை கிளிப்சியில் சேர்ந்தது. சில நேரங்களில் அது தகவலை முன்னிருந்து பின்னாக அல்லாமல், பின்னிருந்து முன்னாக நகலெடுத்தது. அச்செயலிகளில் அதுவே விரைவு. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டில் அது புகுந்தவுடன், அடோபி ஃபிளாஷ் வழியாகக் கேட்கும் ஒலி கரகரவென்று சிதைந்தது.

ஏன் என்று பாருங்கள். கரும்பலகையில் கட்டம் போட்டுப் பத்து எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். இடக்கோடியிலிருந்து தொடங்கினால் தொல்லையில்லை. வலக்கோடியிலிருந்து தொடங்கினால், பத்தாம் எழுத்து ஒன்பதாவதன்மேல் விழுந்து அதை அழித்துவிடும். அடுத்து ஒன்பதாவதை எடுக்கப் போனால் அங்கே இருப்பது பத்தாவது. இப்படி எடுக்குமிடமும் வைக்குமிடமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது இந்தச் செயல்முறையைப் பயன்படுத்தக்கூடாது, அதற்கென்று வேறு செயல்முறை உண்டு என்பது சி மொழியின் விதி. ஃபிளாஷை எழுதியவர்கள் விதியை மீறியிருந்தார்கள். ஆனால் நூலகம் முன்னிருந்தே நகலெடுத்துவந்ததால் தவறு வெளியே தெரியவில்லை.

விதியை மீறியவன்தான் திருந்த வேண்டும் என்றனர் ஒரு சாரார். லினக்ஸின் உட்கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பிழைப் பதிவில் வந்து, பயனாளியின் கணிப்பொறியில் நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் விதியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பலாகாது என்ற பொருளில் வாதிட்டார்; தற்காலிக மாற்று ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். 2011-ல் வெளிவந்த கிளிப்சி 2.14 பதிப்பில் சமரசம் ஏற்பட்டது. பழைய நூலகத்தோடு தொகுக்கப்பட்ட நிரல்களுக்குப் பழைய, தீங்கற்ற முறை. புதிதாகத் தொகுப்பவற்றுக்குப் புதிய முறை. என் கருத்தில் டோர்வால்ட்ஸ் பக்கமே நியாயம் இருந்தது. ஒலி கேட்காத பயனாளி சி மொழியின் விதிநூலை வாங்கிப் படிக்கப் போவதில்லை.

இனி நம் மடிக்கணினிகளுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் பரவியதற்கு அரசுக்கும் பங்குண்டு. 2006-க்குப் பின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் காலத்தில் அந்நிறுவனம் லினக்ஸுக்கு மாற முனைந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம், டெபியனை அடியாகக் கொண்டு பாஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்த்தே மாணவர்களுக்குச் சென்றது. நம் தெருக்களில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறி அதுதான். அண்ணன் படித்து முடித்தபின் தங்கைக்கும், தங்கைக்குப் பின் நம் படிப்பகத்துக்கும் வந்து சேர்ந்தவை சில.

இப்போது உலகம் அடித்தளத்தை உயர்த்திக்கொண்டு வருகிறது. 2020-ல் ஏ.எம்.டி., இன்டெல், ரெட் ஹாட், சூசே ஆகிய நிறுவனங்கள் கூடி, 64 பிட் செயலிகளை நான்கு படிகளாக வகுத்தன. முதற்படி, 2003-ல் வந்த அடிப்படை. இரண்டாம் படிக்கு எஸ்.எஸ்.இ.4.2 வரை வேண்டும்; மூன்றாவதற்கு ஏ.வி.எக்ஸ்.2, நான்காவதற்கு ஏ.வி.எக்ஸ்.512. 2022-ல் வந்த ரெட் ஹாட் நிறுவன லினக்ஸ் 9 இரண்டாம் படிக்குக் கீழே உள்ள செயலிகளில் இயங்காது. 2025-ல் வந்த பத்தாம் பதிப்பு மூன்றாம் படியைக் கேட்கிறது.

மூன்றாம் படி என்றால் 2013-க்குப் பின் வந்த செயலி என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. கோர் என்ற பெயரில் வந்த விலை மிகுந்த செயலிகளுக்கு அது பொருந்தும். பென்டியம், செலரான் என்ற பெயர்களில் வந்த மலிவான செயலிகளில், 2020 வரையில் ஏறத்தாழ எல்லாவற்றிலும், ஏ.வி.எக்ஸ். கட்டளைகளை இன்டெல் தரவில்லை. ஆண்டைப் பார்த்தால் புதிது. படியைப் பார்த்தால் இரண்டாவது. மலிவான கணிப்பொறியை வாங்கியவர்கள் யார், இலவசமாகப் பெற்றவர்கள் யார் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடித்தளம் ஒரு படி உயரும்போது சந்தையில் சத்தமில்லாமல் வெளியேற்றப்படுவது இந்தக் கணிப்பொறிகளே.

இதற்கு இரண்டு மாற்றுகள் நடைமுறையில் இருக்கின்றன. 2021-ல் வந்த கிளிப்சி 2.33 பதிப்பு, ஒரே கணிப்பொறியில் ஒரு நூலகத்தின் படிக்கொரு தொகுப்பைத் தனித்தனி அடைவுகளில் வைத்துக்கொள்ள வழி செய்தது. செயலிக்கு ஏற்றதை ஏற்றியே தேர்ந்துகொள்ளும். ஓப்பன் சூசேயின் டம்பிள்வீட் வெளியீடு இதைப் பின்பற்றி, அடித்தளத்தைத் தாழ்வாகவே வைத்துக்கொண்டு, மூன்றாம் படி உள்ளவர்களுக்கு மட்டும் விரைவான நூலகங்களைக் கூடுதலாகத் தருகிறது. மற்றொன்று அல்மா லினக்ஸ் செய்தது. ரெட் ஹாட்டைப் பின்பற்றி வரும் அந்தச் சமூக வெளியீடு, தன் பத்தாம் பதிப்பை மூன்றாம் படிக்கு வெளியிட்டதோடு நில்லாமல், இரண்டாம் படிக்கென்று தனித் தொகுப்பும் தந்தது. டெபியனோ 64 பிட்டில் இன்னும் முதற்படியையே அடித்தளமாகக் கொண்டிருக்கிறது. பழைய கணிப்பொறிக்கு எதைப் போடுவது என்று கேட்கும் தம்பிகளுக்கு என் விடை டெபியன், அல்லது அதன் வழிவந்தவை.

விரைவைப் பற்றிய மிகையான ஆசைக்கும் ஒரு சொல். நூலகத்தை மறுபடி தொகுத்தால் கணிப்பொறி பறக்கும் என்று எண்ணி இரவெல்லாம் தொகுத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களை நான் அறிவேன். ஜீன் அம்டால் என்பவர் 1967-ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. ஒரு நிரல் தன் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை நகலெடுப்பதில் செலவிடுகிறது என்க. நகலெடுப்பை இரு மடங்கு விரைவாக்கினால் மொத்த நேரத்தில் மிஞ்சுவது நூற்றுக்கு ஐந்துதான். அகலமான கட்டளைகளால் சூடு ஏறி, ஏ.வி.எக்ஸ்.512 பயன்படுத்திய சில சேவைச் செயலிகள் தம் கடிகார விரைவைத் தாமே குறைத்துக்கொண்டதும் உண்டு. பாரம் மிகுந்த லாரி ஏற்றத்தில் கியர் குறைப்பதைப் போல. முதலில் பெர்ஃப் போன்ற கருவியால் நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்க வேண்டும். பழைய மடிக்கணினியில் பெரும்பாலும் அது சுழலும் வட்டில்தான் செலவாகிறது. அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால் கிடைக்கும் பயனை எந்த ஒட்டும் தராது.

அப்படியானால் இத்துறையில் நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லையா? நிரம்ப இருக்கிறது, அதுவும் அருகிலேயே. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவை. 2018-ல் அவற்றின் சில்லுகள் லினக்ஸை இயக்கிக் காட்டின. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த கிளிப்சி 2.27-ல்தான் ரிஸ்க்-ஃபைவுக்கே இடம் கிடைத்தது. இன்டெலுக்கு இருபது ஆண்டுகளாகச் செதுக்கிய செயல்முறைகளைப் போல ரிஸ்க்-ஃபைவுக்கு இன்னும் அமையவில்லை. செயலியிடம் அதன் கருவிகளைக் கேட்டறியும் வழியே லினக்ஸ் உட்கருவில் 2023-ல்தான் வந்தது. அதைக் கொண்டு நகலெடுப்பு வடிவத்தைத் தேர்வது 2024-ல் வந்த கிளிப்சி 2.40-ல்.

ரிஸ்க்-ஃபைவின் திசையன் கட்டளைகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. 2021-ல் உறுதிசெய்யப்பட்ட அவற்றில் டிரேயின் அளவு இத்தனை என்று முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. "இன்னும் 500 பைட் பாக்கி, இந்த நடையில் எவ்வளவு தூக்குவாய்?" என்று நிரல் கேட்கிறது, செயலி தன்னால் இயன்றதைச் சொல்கிறது. சிறிய செயலி பல நடை நடக்கும், பெரிய செயலி சில நடையில் முடிக்கும், எழுதிய நிரல் ஒன்றே. அளவு கூடும்போதெல்லாம் புதிய வடிவம் எழுதி அலுத்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

கிளிப்சிக்கு ஒட்டு அனுப்ப முன்பெல்லாம் பதிப்புரிமையை எழுதித் தர வேண்டியிருந்தது. பணிபுரியும் நிறுவனத்திடம் கையொப்பமும் பெற வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்ட் முதல் இது என் சொந்தப் படைப்பு, தர எனக்கு உரிமை உண்டு என்ற ஒரு வரி உறுதியே போதுமானது. எந்தக் கல்லூரி, யார் பிள்ளை என்று அங்கே கேட்பதில்லை; அளந்த எண்களைத்தான் கேட்கிறார்கள். கேட்கும் முறை சில வேளை கடுமையாகவே இருக்கும், அதற்கும் தயாராக வேண்டும்.

நம் படிப்பகத்துக் கணிப்பொறிகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் லினக்ஸைத் திறந்து எல்.எஸ்.சி.பி.யு என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைத் தட்டுங்கள். செயலியின் பெயரும், அதன் கீழே 'ஃபிளாக்ஸ்' என்ற வரிசையில் அதற்குள்ள கருவிகளும் வரும். எஸ்.எஸ்.இ.4.2 இருக்கிறதா, ஏ.வி.எக்ஸ்.2 இருக்கிறதா என்று பார்த்து, கணிப்பொறி எண்ணோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எதில் எதைப் போடலாம் என்பதை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு முடிவு செய்வோம். மேல் வகுப்புத் தங்கைகள் இருவர் இப்பொறுப்பை ஏற்பதாகக் காலையிலேயே சொல்லியிருக்கிறார்கள், நோட்டும் வாங்கிவிட்டார்கள்.